மார்கழிக் காலையில் நின்றுபோன இசைத்தட்டு

போன மார்கழியில் என் வீட்டு ரெக்கார்டு பிளேயர் காலை வேளையில் பாட மறுத்தது. கோலம் போட்டுவிட்டு வந்து ஐந்தரை மணிக்குத் தட்டைச் சுற்றவிட்டால், பல்லவி முடிவதற்குள் சுருதி இறங்கத் தொடங்கும். ஐந்தரைக் கட்டையில் எடுத்த பாடகி அனுபல்லவியில் ஐந்துக்கு வந்துவிடுவார். சரணத்தில் அது ஆண் குரலாகும். பிறகு இழுவையாக ஒரு முனகல், அதோடு தட்டு நின்றுவிடும். அதே தட்டு, அதே முள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் இரண்டு பக்கமும் குறையில்லாமல் ஓடும்.

நோயைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது இந்தக் காலை-மதியம் வித்தியாசம்தான். அதை நான் கவனிப்பதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. ஒரு புது பெல்ட்டுக்குக் காசு கொடுத்திருந்தேன். "மோட்டார் போயிடுச்சும்மா, இதுக்கு இனிமே ஸ்பேர் கிடைக்காது" என்ற ரிப்பேர் கடைக்காரரின் தீர்ப்பையும் கேட்டாயிற்று. இதே தீர்ப்பைக் கேட்டு எத்தனை வீடுகளில் நல்ல மெஷின்கள் பரணுக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போயிருக்கின்றன என்று நினைத்தால் மனம் பதறுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எதற்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது எங்கள் பிழைப்பு. அப்பாவின் செட்டில் இருந்த பிளேயர்களில் பெல்ட் கிடையாது. மோட்டாரின் தண்டுக்கும் இசைத்தட்டைத் தாங்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுத்திக்கொண்டு சுற்றும். அடித்துப் பிடித்துத் தூக்கிப்போகும் வேலைக்கு அதுதான் தாங்கும். பெல்ட் வைத்த மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது 1983-இல், பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தபோது. ஜப்பானில் செய்தது. அப்பா அதைத் தொழிலுக்கு எடுத்துப்போனதே இல்லை. "இது வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டார். அப்பா காலமான பின் அது என்னிடம் வந்தது.

பெல்ட் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்.பி. தட்டின் பள்ளம் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்தான். அதன் சுவரில் இருக்கும் நெளிவு அதைவிடப் பல மடங்கு சிறியது. முள் அந்த நெளிவைத்தான் படிக்கிறது. மோட்டாரோ ஓடும்போது அதிரும். அந்த அதிர்வு தட்டுக்கு ஏறினால் முள் அதையும் சேர்த்துப் படித்து, பாட்டுக்கு அடியில் ஓர் உறுமலாகக் கொடுக்கும். நடுவே ஒரு ரப்பர் நாடா இருந்தால் அதிர்வை அது விழுங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1961-இல் ஏ.ஆர். நிறுவனத்தின் பெயரில் வெளியிட்ட எளிய பெல்ட் மெஷின் இந்த வழியை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. 1970-களில் ஜப்பானிய நிறுவனங்கள் இந்த வகையை ஏராளமாகச் செய்து குவித்தன.

ஆக, தட்டைச் சுற்றவைப்பவை மூன்றே பொருள்கள். மோட்டார், பெல்ட், தட்டு உட்கார்ந்திருக்கும் தண்டும் குழியும். வேகம் குறைந்தால் இந்த மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு. எதில் என்று கண்டுபிடிக்க மீட்டரோ ஸ்பானரோ வேண்டாம்.

எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர், அப்பாவிடம் இருபது வருஷம் வேலை பார்த்த அண்ணன். இப்போது அவருக்கு எழுபத்தாறு வயது, கண் பார்வை குறைவு. கடைத் தீர்ப்பைக் கேட்டு வந்த அன்று சாயங்காலம் அவருக்குப் போன் போட்டேன்.

"மோட்டார் போச்சுன்னு யாரு சொன்னா? பெல்ட்டக் கழட்டிட்டு மோட்டார ஓடவிட்டுப் பாத்தாங்களா?"

"தெரியலண்ணே."

"பாப்பா, மொதல்ல மெஷின ஓடவிடு. ஓடுறப்ப தட்டு ஓரத்துல ஒரு விரல லேசா வச்சுத் தடுத்துப் பாரு. தட்டு நிக்கிறப்ப உள்ள மோட்டாரு சக்கரம் சுத்துதா, அதுவும் நிக்குதா? அதச் சொல்லு."

என் மெஷினின் தட்டில், ரப்பர் விரிப்பை எடுத்தால் இரண்டு துவாரங்கள் இருக்கின்றன. பெல்ட்டை மோட்டாரில் மாட்டுவதற்காக வைத்தவை. அவற்றின் வழியே மோட்டார் உச்சியில் உள்ள சின்னப் பித்தளைச் சக்கரம் தெரியும். விரலை வைத்தேன். தட்டு நின்றது, பித்தளைச் சக்கரம் பெல்ட்டை வழுக்கிக்கொண்டு சுற்றியபடியே இருந்தது. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. சக்கரமும் சேர்ந்து நின்றிருந்தால்தான் மோட்டாரையோ அதற்கு வரும் கரண்டையோ சந்தேகப்பட வேண்டும்.

சக்கரம் சுற்றித் தட்டு நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பெல்ட்டுக்குப் பிடிப்பு இல்லை, அல்லது தட்டு பெல்ட்டால் இழுக்க முடியாத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. என்னுடையது புது பெல்ட். இருந்தாலும் பெல்ட்டைப் பற்றித்தான் முதலில் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தில் எட்டு வீடுகளில் குற்றவாளி அதுதான் என்று அண்ணன் சொல்வார். நான் பார்த்த வரையில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ரப்பர் மூன்று விதமாகச் சாகும். தொய்ந்து நீளும். இல்லாவிட்டால் பளபளப்பேறி வழவழக்கும். மூன்றாவதுதான் கொடுமை. பல வருஷம் ஓடாமல் சூட்டில் கிடந்த மெஷினில் பெல்ட் தாராகவே உருகிவிடும். என் தோழி ஒருத்தியின் மெஷினைத் திறந்தபோது பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடுதான் இருந்தது. தொட்ட விரலில் ஒட்டியது, விரலிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து சேலைக்கு. சோப்புக்கு அது மசியாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்து எடுக்க வேண்டும். செல்போன் ரிப்பேர் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள், ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் சில வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். பித்தளைச் சக்கரத்தின் விளிம்புக்குள் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும். அங்கே ஒரு துளி தார் மிஞ்சினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு முறை குலுங்கும்.

ஐ.பி.ஏ. புட்டியைக் கையாளும்போது ஓர் எச்சரிக்கை. பழைய 78 சுற்றுத் தட்டுகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், கரைந்த பள்ளத்தில் பாட்டு திரும்ப வராது. எல்.பி.யும் சின்ன 45 சுற்றுத் தட்டும் வினைல் என்பதால் அந்த ஆபத்து இல்லை.

புது பெல்ட் வாங்கும்போது பழைய பெல்ட்டை அளந்து அதே நீளம் கேட்டால் தப்பு, அதுதான் நீண்டுபோயிற்றே. பெல்ட் ஓடும் பாதையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளக்க வேண்டும். என் மெஷினில் 62 செ.மீ. வந்தது. பெல்ட் மாட்டியபின் சற்று இழுபட்டு நிற்க வேண்டும் என்பதால் 59 செ.மீ. வாங்கினேன். இன்னும் சின்னதாக வாங்கினால் நன்றாகப் பிடிக்குமே என்று நினைக்கக் கூடாது. இறுக்கம் கூடினால் மோட்டாரின் தண்டு ஒரு பக்கமாக இழுபட்டுத் தேயும். மாட்டும்போது பெல்ட் முறுக்கிக்கொள்ளக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொடவும் கூடாது. கை பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் போதும்.

கடைக்காரர் பெல்ட் மாற்றியதோடு நிற்கவில்லை. இம்மாதிரி டி.சி. மோட்டாரின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதனுள் திருகாணியைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். தட்டு மெதுவாகச் சுற்றுகிறதென்று அவர் அதைத் திருப்பி வேகத்தைக் கூட்டியிருந்தார். விளைவு, காலையில் பழையபடி இழுவை, மதியத்தில் பாடகி குழந்தைக் குரலில் பாடினார். தட்டு எதனாலோ இறுகிக் கிடக்கும்போது மோட்டாரை முடுக்குவது, காய்ச்சல்காரரை எழுப்பி ஓடச் சொல்வது போன்றது. அந்தத் திருகாணி கடைசியில் தொட வேண்டியது. மற்ற எல்லாம் சரியான பின், வேகத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

அண்ணனுக்கு மறுபடியும் போன் போட்டேன். "பெல்ட்டக் கழட்டிரு. தட்ட வெறுங்கையால ஒரு சுத்து சுத்திவிடு. எத்தன சுத்து ஓடுதுன்னு எண்ணு" என்றார். அது ராத்திரி நேரம், நல்ல குளிர். தட்டு மூன்றாவது சுற்றிலேயே சொரசொரப்பு எதுவும் இல்லாமல் மெத்தென்று நின்றது. யாரோ அடியிலிருந்து கையால் பிடித்து நிறுத்தியதைப் போல இருந்தது. நல்ல தட்டு தன் பாரத்திலேயே பல சுற்று ஓடி, எப்போது நின்றது என்று தெரியாமல் நிற்க வேண்டும். குற்றவாளி குழிக்குள் இருக்கிறான் என்று தெரிந்தது. ஆனால் மதியத்தில் மட்டும் எப்படி நன்றாக ஓடுகிறது?

மறுநாள் காலை குளிக்கப் போனேன். குளியலறைப் பிறையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி. கவிழ்த்தால் எண்ணெய் வரவில்லை, வெள்ளையாக உறைந்து கிடந்தது. மார்கழியில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். எங்கள் ஊர் மார்கழி விடியலின் குளிர் அதற்குப் போதும். மதியத்தில் தானே இளகிவிடும். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

வெளியே வந்து கேட்டேன். "அம்மா, அப்பாவோட ரெக்கார்டு மெஷினுக்கு எப்பவாவது எண்ணெய் விட்டியா?"

"விட்டேனே. கீச்சு கீச்சுன்னு சத்தம் வந்துது. ஐப்பசியிலன்னு நெனைக்கிறேன். கதவுக் கீலுக்கு விடுற மாதிரி ரெண்டு சொட்டு விட்டேன்."

அம்மா செய்ததில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. குழி வறண்டுபோனதை அம்மாவின் காதுதான் முதலில் கண்டுபிடித்தது. எண்ணெய்தான் மாறிப்போயிற்று.

அன்று மதியம், எண்ணெய் இளகியிருக்கும் நேரம் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். பிளக்கைப் பிடுங்கினேன். முள்ளுக்கு மூடியைப் போட்டு, முள் இருக்கும் கையை அதன் தாங்கியில் கட்டினேன். மேஜை மேல் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தேன். வேட்டி விரித்ததற்குக் காரணம் உண்டு. பல மெஷின்களில் குழியின் அடியில் கடுகு அளவு முதல் மிளகு அளவு வரை ஓர் எஃகுக் குண்டு இருக்கும். தட்டின் மொத்தப் பாரமும் அந்த ஒரு புள்ளியில்தான் உட்கார்ந்து சுற்றுகிறது. தண்டை இழுக்கும்போது குண்டு எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்து எங்காவது விழுந்து உருண்டு ஓடிவிடும். வெள்ளைத் துணியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும்.

என் மெஷினில் தண்டு நேராக மேலே தூக்கினால் வந்துவிடுகிறது. சிலவற்றில் அடியில் கிளிப் போட்டிருப்பார்கள், பலத்தைக் காட்டி இழுக்கக் கூடாது. தண்டு வெளியே வந்ததும் மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது, சிக்குப்பிடித்த தேங்காய் எண்ணெய் வாடை. தண்டின் நடுவில் பழுப்பாக ஒரு வளையம், காய்ந்த வெல்லப்பாகு மாதிரி. நாற்பது வருஷத்துக்கு முன் ஃபாக்டரியில் போட்ட எண்ணெய் காய்ந்து படிந்தது அது. அதன் மேல் தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகியிருந்தது. குண்டு பத்திரமாகக் குழிக்குள்ளேயே இருந்தது.

ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, ஐ.பி.ஏ.யில் நனைத்துக் குழிக்குள் விட்டுத் திருகினேன். முதல் பஞ்சு காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பன்னிரண்டாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது. குழியின் உட்சுவரில் பித்தளை நிறத்தில் ஒரு புஷ் இருக்கும். நுண்துளைகளில் எண்ணெயைப் பிடித்து வைக்கும் உலோகம் அது. அதைச் சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. நன்றாக உலரவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு விட்டேன். தண்டை நுழைத்துக் கையை எடுத்தேன். அது பொத்தென்று விழவில்லை. உள்ளே அடைபட்ட காற்று வழிவிட வழிவிட, தன் பாரத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தண்டுக்கும் குழிக்கும் தேய்மானம் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வழிந்த எண்ணெயைத் துடைத்து எடுத்தேன். பெல்ட்டுக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பெல்ட் இல்லாமல் தட்டைச் சுற்றிவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஓடியது.

மண்ணெண்ணெய், வண்டி கிரீஸ், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இவற்றில் எதையும் அந்தக் குழிக்குள் விடாதீர்கள். ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்கு அருமையாக ஓடும். சில வாரத்தில் ஆவியாகி, முன்பைவிட வறட்சியாக்கிவிட்டுப் போகும்.

இனி வேகம். எல்.பி.க்கு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. இந்த மூன்றில் ஒரு பங்கை எப்படி எண்ணுவது என்று மலைக்க வேண்டாம், மூன்று நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று. தட்டின் ஓரத்தில் சின்னதாக வெள்ளைக் காகிதம் ஒட்டி, பாட்டு ஓடும்போதே எண்ணுங்கள். முள்ளின் இழுப்பும் ஒரு சுமைதான், ஆகவே வெறும் தட்டை எண்ணிப் பயனில்லை. 94 வந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கியிருக்கிறது என்று பொருள். எனக்கு 105 வந்தது. கடைக்காரர் திருப்பியதன் மிச்சம். அந்தத் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஐந்து முறை எண்ணி, 100-க்குக் கொண்டுவந்தேன். கோடுகள் போட்ட ஸ்ட்ரோப் தட்டும் கிடைக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 33⅓-இல் 180 கோடு. சோக் வைத்த பழைய டியூப் லைட்டின் கீழ் அந்தக் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. வெளிச்சம் பெரும்பாலும் இதற்கு உதவாது.

அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது கோளாறே இல்லை. சில மெஷின்களில் இருப்பது ஏ.சி. மோட்டார், மின்சாரத்தின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ப ஓடுவது. அங்கே 60, இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அந்த மெஷினில் 100 சுற்றுக்குப் பதில் 83 வரும், ஐந்தரைக் கட்டைப் பாடகி நாலு கட்டைக்கு இறங்கிவிடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான சற்றுப் பெரிய மோட்டார் சக்கரம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இந்த ஏ.சி. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பாமல் நின்றாலோ, சில சமயம் எதிர்த்திசையில் சுற்றினாலோ அதன் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அது மெயின் கரண்ட் ஓடும் இடம். தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.

என் மெஷினில் இன்னொரு குறையும் மிச்சம் இருந்தது. பாட்டெல்லாம் முடிந்து, கை தானாக எழும்பித் திரும்பும் நேரத்தில் தட்டு பாதியில் நின்று, கை அந்தரத்தில் தொங்கும். இது தானியங்கி மெஷின்களுக்கே உரியது. கையைத் திருப்ப, தட்டுக்கு அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பல்சக்கரம் தட்டோடு கோத்துக்கொண்டு சுற்றும். அதில் ஃபாக்டரி போட்ட கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. வழித்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் வெள்ளை கிரீஸை அரிசியளவு தடவினேன். ஆகவே தட்டு எப்போது நிற்கிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். கிளம்பும்போதா, முள்ளை இறக்கியதுமா, சூடேறிய பிறகா, கடைசியில் கை திரும்பும்போதா? நல்ல மெக்கானிக்குக்கு அதுவே பாதி வேலை.

தை பிறப்பதற்கு நாலு நாள் இருக்கையில், காலை ஐந்தரைக்குப் பழைய படப் பாடல் தொகுப்பு ஒன்றைப் போட்டேன். "கொஞ்சும் சலங்கை" (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் சேர்ந்து போகும் ஆபேரிப் பாட்டு அதில் உண்டு. குரலும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சுருதி இம்மி அசைந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். அசையவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கடைசிவரை நின்று கேட்டார்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒன்று இருந்தால் இறக்குங்கள். கரண்ட் கொடுக்க வேண்டாம். முதலில் தட்டைத் தூக்கி, பெல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பெல்ட் இல்லாமல் தட்டைக் கையால் சுற்றி எண்ணுங்கள். பழைய இரும்புக்காரருக்குக் கூப்பிடுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.